ஹனோயிலிருந்து சைகோன் வரை: பதக்கம் தேடிய எட்டு நாள்

நாள் 1 – ஹனோய்

இரவு பதினோரு மணிக்கு அறைக்கு வந்து சேர்ந்தோம். நாங்கள் என்றால் நானும் என் மச்சானும். அவனுக்கு நாணயம், தபால்தலை, பதக்கம் எதிலும் ஆர்வம் கிடையாது. "மாமா, நீங்க தகரம் பொறுக்குங்க, நான் காபி குடிச்சுட்டு இருக்கேன்" என்ற ஒப்பந்தத்தில்தான் மதுரையிலிருந்து கூட வந்திருக்கிறான். விமான நிலைய ஏடிஎம்மில் முப்பது லட்சம் டொங் எடுத்ததும் ஒரே குஷி. பத்தாயிரம் ரூபாய்தான் என்று கணக்குச் சொன்னதும் முகம் வாடிவிட்டது.

எதற்கு வியட்நாம் என்று கிளம்பும்போது பலர் கேட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன் கோவையில் ஒரு நாணயக் கண்காட்சி. பழைய அணாக்களுக்கு நடுவே ஒரு பதக்கம் கிடந்தது. ரிப்பனில் கரும்பச்சை, வெள்ளை, சிவப்பு என மூன்று சமமான பட்டைகள். முகப்பில் அசோகச் சிங்கமும் புறாவும், பின்புறம் வியட்நாம், லாவோஸ், கம்போடியா சேர்ந்த வரைபடம். 1954 ஜெனீவா உடன்பாட்டுக்குப் பிறகு போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க ஒரு சர்வதேச ஆணையம் போட்டார்கள். இந்தியா தலைமை, கனடாவும் போலந்தும் உறுப்பினர்கள். அதில் வேலை பார்த்தவர்களுக்கு வழங்கிய பதக்கம் அது. எந்த நாட்டுச் சண்டையை நம் ஆட்கள் மேற்பார்வை பார்த்தார்களோ, அந்த நாட்டுக்காரர்கள் தங்களுக்கு என்ன பதக்கம் குத்திக்கொண்டார்கள் என்று தேட ஆரம்பித்தேன். அது இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது.

நாள் 2 – ஹனோய்

மொழிபெயர்ப்புக்கு ஒரு கல்லூரி மாணவியை ஏற்பாடு செய்திருந்தோம். வந்ததும் வணக்கத்துக்கு முன்பே இருவரின் வயதையும் கேட்டாள். மச்சானுக்குத் திக்கென்றது. காரணம் பிறகு புரிந்தது. இந்த மொழியில் 'நீங்கள்' என்று பொதுவாக ஒரு சொல்லை வைத்து ஒப்பேற்ற முடியாது, உறவு சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அவள் அப்பாவைவிட நான் மூத்தவன், எனவே 'பாக்', அதாவது பெரியப்பா. மச்சான் இளையவன், எனவே 'சூ', சித்தப்பா. நமக்கு இது ஒன்றும் புதிதில்லையே. ஹோ சி மின்னை இவர்கள் 'பாக் ஹோ' என்பதை உலகம் முழுக்க 'ஹோ மாமா' என்கிறார்கள். நம் கணக்கில் அவர் பெரியப்பா.

ராணுவ வரலாற்று அருங்காட்சியகம் முன்பு நகரின் நடுவில், கொடிக் கோபுரத்தின் பக்கத்தில் இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் ஊருக்கு மேற்கே தை மோ பகுதியில் புதிய கட்டிடத்தில் இயங்குகிறது. ஏறத்தாழ 39 ஹெக்டேர் வளாகம். வாசலில் 45 மீட்டர் உயரக் கோபுரம். 1945-இல் சுதந்திரம் அறிவித்ததைக் குறிக்கும் உயரம். உள்ளே 4324 எண் போட்ட மிக்-21 விமானம் நிற்கிறது, அதன் மூக்குப் பக்கம் 14 சிவப்பு நட்சத்திரங்கள். அந்த ஒரே விமானத்தைப் பல விமானிகள் மாற்றி மாற்றி ஓட்டி வீழ்த்தியதாகக் கணக்கு வைத்திருக்கும் எதிரி விமானங்கள் அவை. மச்சான் காபியை மறந்து அங்கேயே முக்கால் மணி நேரம் நின்றுவிட்டான்.

நான் கண்ணாடிப் பெட்டிகளுக்குப் போனேன். முதலில் மூன்று சொற்களைப் பழகிக்கொள்ள வேண்டும். 'ஹுவான் சுவோங்' என்றால் உயர்ந்த விருது. 'ஹுயி சுவோங்' அதற்கு அடுத்த படியில் உள்ள பதக்கம். 'ஹுயி ஹியூ' வெறும் சின்னம், சட்டையில் குத்துவது. இணையத்தில் விற்பவர்கள் மூன்றையும் ஒரே கூடையில் போட்டு 'மெடல்' என்று எழுதிவிடுகிறார்கள். பாதிக் குழப்பம் அங்கேதான்.

உச்சியில் இருப்பது தங்க நட்சத்திர விருது. அதுவும் ஹோ சி மின் விருதும் சுதந்திர விருதும் 1947-இல் ஒன்றாக ஏற்படுத்தப்பட்டவை. அவற்றுக்குக் கீழே படைத்துறை விருதுகள்: படைச்சாதனைக்குக் 'குவான் கோங்', போர்ச்செயலுக்குச் 'சியென் கோங்'. இவற்றில் தரங்கள் உண்டு, ஹாங் என்பார்கள். எந்தத் தரம் என்பதற்கான அடையாளம் ரிப்பனில் இருக்கும். எனவே ரிப்பன் மாற்றப்பட்டிருந்தால் தரமே மாறிவிடும். ரிப்பனில்லாத விருதைக் கையில் வைத்துக்கொண்டு 'முதல் தரம்' என்று சத்தியம் செய்பவரிடம் நான் டீ வாங்கிக் குடிப்பேன், பதக்கம் வாங்க மாட்டேன்.

ஆண்டைக் கண்டுபிடிக்க எளிய வழி, நாட்டின் பெயரைப் படிப்பது. வடக்கு வியட்நாமின் பழைய பெயர் 'ஜனநாயகக் குடியரசு'. 1976 ஜூலையில் இரு பகுதிகளும் முறைப்படி இணைந்ததும் 'சோசலிசக் குடியரசு' என்றானது. புதிய பெயர் நீளமானது, பதக்கத்தின் விளிம்பில் நெருக்கியடித்து நிற்கும். கண் கூசும் பளபளப்பில் புதுப் பெயரோடு இருப்பதை '1954 தியன் பியன் பு சண்டைக் காலத்தது' என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகரலாம்.

ஒரு பெட்டியின் முன்னால் மாணவி நின்றுவிட்டாள். உள்ளே 'பாக் ஹோ' சின்னம், ஹோ சி மின் முகம் பதித்த சின்னஞ்சிறு வில்லை. ஒரு விமானத்தை வீழ்த்தினால் அந்த விமானிக்கு ஒன்று தருவார்களாம். ங்குயென் வான் கோக் என்ற விமானி இப்படி ஒன்பது வாங்கியிருக்கிறார். ஒன்பதையும் சட்டையில் வரிசையாகக் குத்தியிருக்கும் அவருடைய படத்தை இங்கே எல்லோருக்கும் தெரியும். விருதுப் படிநிலையில் சின்னம் கடைசிதான். ஆனால் அந்தப் படத்தில் கண் முதலில் போவது அந்த ஒன்பதின்மேல்தான்.

நாள் 3 – ஹனோய்

காலையில் லே ஸுவான் சாலை. ரயில் நிலையத்தை ஒட்டிய இந்தத் தெருவில் ராணுவ உடை, பூட்ஸ், தொப்பி, பெல்ட் விற்கும் கடைகள் உண்டு. பெரும்பாலும் புதிய சரக்கு, கட்டுமானத் தொழிலாளிகள் வாங்கிப் போகிறார்கள். பச்சைத் தொப்பி ஒன்றை மச்சான் வாங்கினான். ஊரில் போட்டுக்கொண்டு திரிந்தால் என் அக்காவுக்கு, மன்னிக்கவும், அவன் அக்காவுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

பழம்பொருள் விற்பவர் ஒருவரின் வீட்டுக்கு மாணவி கூட்டிப்போனாள். மாடிப்படி ஏறினால் ஒரே அறை. சுவர் முழுக்கக் கடிகாரங்கள், எல்லாம் வேறு வேறு மணி காட்டுகின்றன. அவர் பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்து பாயில் கொட்டினார். பெரும்பாலானவை 'சியென் சி வே வாங்', அதாவது 'பெருமைமிகு வீரர்' பதக்கம். பணியாண்டுக்கு ஏற்ப மூன்று தரங்களில் தரப்படுவது என்பதால் சந்தையில் இதுதான் அதிகம் கிடைக்கிறது. 25 ஆண்டு பணிக்கு வேறொன்று உண்டு, 'வெற்றி உறுதிப் படைக்கொடி' என்று அர்த்தம். அதில் இரண்டு கிடந்தன.

பைக்குள்ளிருந்து லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியையும் காந்தத்தையும் எடுத்தேன். காந்தம் ஒட்டவில்லை. இதனால் எதுவும் நிரூபணமாகாது, பித்தளையும் அலுமினியமும் எப்போதும் ஒட்டாது. நான் பார்ப்பது விளிம்பை. அச்சில் அடித்ததென்றால் எழுத்தின் ஓரம் கத்தி மாதிரி கூராக நிற்கும். ஏற்கெனவே உள்ள பதக்கத்திலிருந்து அச்செடுத்து வார்த்த போலியில் ஓரம் உருகிய வெல்லம் போல மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசிக்குத்துக் குழிகள் இருக்கும். அடுத்தது எனாமல். அது கண்ணாடி, குண்டூசி முனையால் ஓரத்தில் மெதுவாக இழுத்தாலும் கீறல் விழாது. பிசினோ பெயிண்டோ என்றால் விழும். விற்பவர் முன் இதைச் செய்யக் கூடாது. கேட்டுக்கொண்டு செய்தேன், அவர் தலையசைத்தார்.

எல்லாம் சரி, ஆனால் இந்த ஊரில் அந்த இலக்கணம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அவர் ஒரு சின்னப் பொட்டலத்தைத் தனியே பிரித்தார். மேலே சிவப்பு, கீழே நீலம், நடுவில் மஞ்சள் நட்சத்திரம். தெற்கில் 1960 டிசம்பரில் உருவான தேசிய விடுதலை முன்னணியின் கொடி நிறங்கள். மெல்லிய தகட்டில் அடித்து, பெயிண்ட் பூசி, முதுகில் ஒரு கோணல் ஊசி. எழுத்தை மாணவி வாசித்தாள். 'யுங் சி யியெட் மீ'. "அமெரிக்கர்களைக் கொன்ற வீரர்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். பீரங்கி வண்டிகளை அழித்தவருக்கு ஒன்று, விமானத்தை வீழ்த்தியவருக்கு ஒன்று என்று இதில் கிளைகள் உண்டு. காட்டில் போரிட்ட படைக்கான பொருளில் நேர்த்தியை எதிர்பார்க்க முடியாது. போலி செய்பவனுக்கோ பட்டறையும் நேரமும் இருக்கின்றன. கரடுமுரடாக இருப்பதாலேயே ஒன்றைப் போலி என்று தள்ள முடியாத வகை இது. அவர் காட்டிய மூன்றில் ஒன்று நல்லது என்று பட்டது, மற்ற இரண்டும் ஒரே கோணல், ஒரே இடத்தில் ஒரே பெயிண்ட் சொட்டு. மூன்றையும் வாங்கவில்லை. இப்படியொரு வாசகத்தைப் பெட்டியில் வைத்து வீட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்கு என்னவென்று விளக்குவேன்?

கடைசியாக ஒரு காகிதம் எடுத்தார். 'ஹுவான் சுவோங் காங் சியென்', எதிர்ப்புப் போர் விருது, மூன்றாம் தரம். பதக்கம் அல்ல, அதன் சான்றிதழ். பெற்றவர் பெயர், ஊர், ஆணை எண், பதிவேட்டில் ஏறிய எண் எல்லாம் இருக்கின்றன. இடித்த வீட்டிலிருந்து வாங்கிய மேஜையின் இழுப்பறையில் இருந்ததாம். விருது? அது ஏற்கெனவே வேறு ஆளுக்குப் போய்விட்டது என்றார். இங்கே உலோகத்தின் முதுகில் வாங்கியவர் பெயரைப் பொறிப்பதில்லை. நம் ராணுவப் பதக்கங்களில் விளிம்பில் எண்ணும் பெயரும் வெட்டியிருக்கும், எந்தக் கடையில் கிடந்தாலும் ஆளைத் தேடிப் பிடிக்கலாம். இங்கே காகிதம்தான் ஆள். அதைப் பிரித்து விற்றவுடன் அந்த விருது யாருடையதாகவும் இருக்கலாம்.

"எங்க வீட்டிலும் தாத்தாவோடது சட்டம் போட்டுச் சுவரில் இருக்கு, பாக். பதக்கம் அலமாரியில். பாட்டி காகிதத்தைத்தான் துடைப்பாங்க" என்றாள் மாணவி. நான் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நான்கு லட்சம் டொங் சொன்னார், மூன்றுக்கு இறங்கினார். பிரச்சினை விலை இல்லை என்பது அவருக்குப் புரியவில்லை.

நாள் 4 – பேருந்து

ஹனோயிலிருந்து தியன் பியன் பு. படுக்கைப் பேருந்து, மலைப்பாதை, இரவு முழுக்க. மச்சான் இரண்டு முறை வாந்தி எடுத்தான். எழுத வேறொன்றும் இல்லை.

நாள் 5 – தியன் பியன் பு

மலை சூழ்ந்த வயல்வெளி. அறுவடை முடிந்த நிலத்தில் வாத்துக்கள். 1954 மார்ச் 13 முதல் மே 7 வரை 56 நாள் இங்கே நடந்த சண்டையில்தான் பிரெஞ்சு ஆட்சி இந்தோசீனாவில் முடிவுக்கு வந்தது. ஏ1 குன்றின் மேல் இன்னும் அந்தப் பள்ளம் இருக்கிறது. பிரெஞ்சுப் படை இருந்த குன்றுக்கு அடியில் வியட்நாமியர்கள் சுரங்கம் தோண்டி 960 கிலோ வெடிமருந்தை வைத்து மே 6 இரவு வெடித்தார்கள். புல் முளைத்துவிட்டது, ஆனாலும் எட்டிப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

அருங்காட்சியகத்தில் நான் தேடி வந்தது இரண்டு விரலகலச் சின்னம். துப்பாக்கியேந்திய வீரன், கீழே 'சியென் சி தியன் பியன் பு', தியன் பியன் பு வீரர். விருதும் இல்லை, பதக்கமும் இல்லை, வெறும் 'ஹுயி ஹியூ'. போரில் கலந்துகொண்டவர்களுக்குக் கொடுத்தார்கள். வெற்றி விருது போன்ற பெரிய பெயர்கள் பின்னால் வந்தன. கிழவர்களின் படங்களில் மார்பு நிறையப் பதக்கங்கள் தொங்கினாலும் இந்தச் சின்னத்துக்குத் தனி இடம் விட்டிருக்கிறார்கள்.

சுவடியில் குறித்துக்கொண்டது: 1954-இல் செய்ததும் நினைவாண்டுகளுக்காகப் பிறகு செய்ததும் கண்ணுக்கு ஒன்று போலத்தான் இருக்கின்றன. முதுகைப் பார்க்காமல் விலை பேசக் கூடாது.

பக்கத்தில் ஒரு சைக்கிள். கைப்பிடியில் மூங்கில் கட்டி நீட்டி, இருநூறு கிலோவுக்கு மேல் அரிசி ஏற்றித் தள்ளிக்கொண்டே மலை ஏறியிருக்கிறார்கள் சுமைகூலிகள். மச்சான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவன் அப்பா, என் மாமனார், கீழமாசி வீதியில் மூட்டை தள்ளித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். "இந்த சைக்கிளுக்கு யாரு மாமா பதக்கம் குடுத்தா?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

நாள் 6 – சைகோன்

விமானம் மாறி வந்து சேர்ந்தோம். ஹோ சி மின் நகரம் என்பது அதிகாரப்பூர்வப் பெயர், வாயில் வருவது சைகோன்தான். மாலையில் த்ரூங் தின் தெருவில் உள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். தமிழர்கள் கட்டியது. இப்போது வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள், ஊதுபத்தியை இரு கையால் நெற்றிக்கு உயர்த்திக் கும்பிடுகிறார்கள். மச்சானுக்கு விபூதி கிடைத்ததில் பாதி உயிர் வந்தது.

நாள் 7 – சைகோன்

போர் எச்சங்கள் அருங்காட்சியகம். அமெரிக்கப் படை தூவிய நச்சு ரசாயனமான ஏஜென்ட் ஆரஞ்ச் பற்றிய படங்கள் உள்ள அறையிலிருந்து மச்சான் சீக்கிரமே வெளியேறிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது.

ஒரு சட்டத்தில் அமெரிக்கப் படைவீரர் ஒருவரின் பதக்கங்கள். 1990-இல் அவரே கொடுத்தது. கீழே தகட்டில் பொறித்த வரி: ஒன்றுபட்ட வியட்நாம் மக்களுக்கு, நான் தவறு செய்தேன், வருந்துகிறேன். அடுத்தடுத்து வந்த கூட்டம் அதைக் கைபேசியில் பிடித்துக்கொண்டே இருந்தது. நான் ரிப்பன்களைப் படித்துக்கொண்டிருந்தேன். பழக்கதோஷம். பிறகு வெட்கமாக இருந்தது.

மாலையில் லே கோங் கியூ தெரு. பழம்பொருள் கடைகள் வரிசை. இங்கே ஒரு கடையில் 'அன்னாம் டிராகன்' விருதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். 1886-இல் ஹுவே அரண்மனையிலிருந்து பேரரசர் டோங் கான் ஏற்படுத்தியது. நடுவில் நீல எனாமல், அதில் அவர் பட்டப்பெயர் நான்கு சீன எழுத்துகளில், மேலே டிராகன். அரசர் பெயரில் இருந்தாலும் காலனிக்காரர்களின் கோட்டுகளில்தான் அதிகம் தொங்கியது. விலையைக் கேட்டேன். கேட்டதோடு சரி.

முதல் நாட்களில் நான் சொன்ன மூன்று சொற்களோடு நாலாவது ஒன்று சேர்கிறது. தெற்கின் குடியரசு, 1975 ஏப்ரல் 30-இல் இல்லாமல் போனது, தன் பதக்கங்களைப் 'போய் தின்' என்றது. அணியும் விண்மீன் என்று பொருள். பதக்கத்தில் அந்தச் சொல் இருந்தால் தெற்கு என்று சொல்லிவிடலாம் என்று மாணவிக்குக் குறுஞ்செய்தியில் பெருமையாக எழுதினேன். ஒரு வரியில் பதில் வந்தது: அது சரி, ஆனால் தெற்கின் உயர்ந்த விருது 'பாவ் குவோக் ஹுவான் சுவோங்' ஆயிற்றே? உண்மைதான். 1950-இல் கடைசிப் பேரரசர் பாவ் தாய் காலத்தில் வந்தது, அதில் 'ஹுவான் சுவோங்' தான் இருக்கிறது. ஆகவே, 'போய் தின்' இருந்தால் தெற்கு. இல்லாவிட்டால் வடக்கு என்று முடிவு கட்டக் கூடாது. பெரியப்பா அடக்கமாக ஒப்புக்கொண்டேன்.

நாள் 8 – சைகோன்

டான் சின் சந்தை, யெர்சின் தெரு. முன்பக்கம் முழுக்க மோட்டார், குழாய், போல்ட்டு, கயிறு. உள்ளே போனால் ராணுவப் பொருள்கள். ஹெல்மெட், தண்ணீர்க் குடுவை, வீரர்களின் அடையாள வில்லைகள், வாசகம் பொறித்த ஜிப்போ லைட்டர்கள். வில்லைகளும் லைட்டர்களும் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. அத்தனை பேர் தொலைத்திருந்தால் அமெரிக்கப் படையில் சிகரெட் பற்ற வைக்கவே ஆளிருந்திருக்காது.

ஒரு பாட்டியம்மாவின் கடை. என் லூப்பைப் பார்த்ததும் மேலே வைத்திருந்தவற்றைத் தள்ளிவிட்டு அடியிலிருந்து பெட்டியை எடுத்தார். அங்கிருந்து மூன்று மணி நேரம்.

'ஆன் யுங் போய் தின்', வீரச் சிலுவை. பிரெஞ்சுக்காரர்களின் முறையை அப்படியே எடுத்தது. ரிப்பன் மேல் பனையோலை இருந்தால் படைத்தலைமை அளவில் பாராட்டு, தங்க நட்சத்திரம் என்றால் கோர், வெள்ளி என்றால் டிவிஷன், வெண்கலம் என்றால் ரெஜிமென்ட் அல்லது பிரிகேடு, எல்லாம் படிப்படியாகச் சிறிதாகும் படைப்பிரிவுகள். பதக்கம் ஒன்றுதான், மேலே ஒட்டியதை வைத்துத்தான் மதிப்பு. ஒட்டுவது எளிது என்பதால் பனையோலை ஒட்டியவையே அதிகம் விற்பனைக்கு வரும். போதாக்குறைக்கு 1974-இல் ஒரே ஆணையில் வியட்நாமில் பணியாற்றிய அமெரிக்கத் தரைப்படைப் பிரிவுகள் அனைத்துக்கும் பனையோலையோடு பிரிவுப் பாராட்டாக அறிவித்துவிட்டார்கள். எத்தனை வீட்டு இழுப்பறைகளில் இருக்குமோ.

அதே டப்பாவில் சில படைப்பிரிவுச் சின்னங்கள். ஒன்றைத் திருப்பினேன், முதுகில் பியர் டின்னின் அச்சு எழுத்து. சைகோன் பட்டறைகளில் அந்தக் காலத்தில் காலி டின்னை வெட்டித்தான் அடித்தார்கள். சேகரிப்பாளர்கள் இதற்கு 'பியர் டின்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இப்போது இதற்கும் விலை ஏறியதால் புது டின்னில் போலியும் வருகிறதாம். இதை வாங்கினேன். எழுத்து தேய்ந்த விதமும் ஊசியின் பற்றவைப்பும் எனக்குத் திருப்தி. ஏமாந்திருந்தாலும் நாலு காபி விலைதான்.

பிறகு 'சியென் யிச் போய் தின்', போர்ப் பிரசாரப் பதக்கம். பிரசாரம் என்றால் பேச்சல்ல, படை நடவடிக்கை. பச்சையும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ரிப்பன், வெள்ளை எனாமல் நட்சத்திரம், நடுவில் பச்சை வட்டத்தில் நாட்டின் வரைபடம், அதில் ஒரு சிவப்புச் சுடர். வியட்நாமில் ஆறு மாதம் இருந்த அமெரிக்க வீரர்களுக்கும் உண்டு. ஆனால் அமெரிக்க அரசு இந்தப் பதக்கத்தை வழங்கவில்லை. வேண்டியவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அதனால்தான் தையற்கடைக்காரர் முதல் அமெரிக்கத் தொழிற்சாலை வரை ஆளாளுக்கு அடித்திருக்கிறார்கள். சுடரின் வடிவமும் எனாமலின் தடிப்பும் பட்டறைக்குப் பட்டறை மாறும். பாட்டியம்மாவின் பெட்டியில் மட்டும் ஐந்து விதம்.

ரிப்பனின் மேல் ஒரு சின்ன உலோகப் பட்டை. அதில் ஆண்டு. பிரெஞ்சுக் காலப் போருக்கு உரியதில் '1949–54' என்று முழுசாக இருக்கும். இரண்டாவது போருக்கு உரியதில் '1960–' என்று போட்டுக் கோட்டுக்குப் பிறகு இடம் விட்டிருப்பார்கள். முடியும்போது நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்ட இடம்.

நான் நல்லதாக ஒரு பதக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதில் பட்டை இல்லை. பாட்டியம்மா ஒரு பிளாஸ்டிக் உறையை அவிழ்த்துக் கல்லாவின் மேல் கொட்டினார். முப்பது நாற்பது பட்டைகள். மச்சானும் குனிந்து தேட ஆரம்பித்தான், எட்டு நாளில் முதல் தடவையாக. "இதுல எல்லாம் பாதிதான் மாமா இருக்கு. முடிஞ்ச வருஷம் போட்டது ஒண்ணாவது இருக்கான்னு கேளுங்க" என்றான்.

இன்று மாணவி இல்லை. கைபேசியில் எழுதி மொழிபெயர்த்துக் காட்டினேன். பாட்டியம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார். கையை உதறி இல்லை என்றார். பிறகு விரலால் பட்டைகளைக் கிளறி, துரு இல்லாத ஒன்றைத் தேடியெடுத்து, ரிப்பனில் தானே குத்தி, வாயால் ஊதித் துடைத்து என்னிடம் நீட்டினார். பட்டைக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.